ஆரஞ்சு கேபிளும் ஒரு சந்தனப் பொட்டும்

கேமராவையும் கம்ப்யூட்டரையும் ஒரு கேபிளால் சேர்த்து வைப்பது என் தொழில்; கல்யாணத் தரகருக்குக் கிடைக்கிற மரியாதைதான் எனக்கும். ஒழுங்காகச் சேர்ந்திருக்கும்வரை யாரும் நம்மை நினைக்க மாட்டார்கள். பிரிந்துவிட்டால் வீடு தேடி வந்து திட்டுவார்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். போட்டோகிராபர் ஒரு படம் எடுத்தால் அடுத்த நொடி அது பக்கத்தில் இருக்கும் லேப்டாப்பில் பெரிதாகத் தெரிய வேண்டும். சேலைக் கடைக்காரர் என்றால் கரை சரியாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்வார். விசேஷ வீடு என்றால் மண்டபத்து டிவியில் படம் வந்துகொண்டே இருக்கும். நடுவில் கிடப்பது ஓர் ஆரஞ்சு கேபிள். யார் காலிலும் சிக்கக் கூடாது என்றுதான் அந்தக் கண்ணைப் பறிக்கும் நிறம்.

எனக்குப் பழங்காநத்தத்தில் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை. வெளியே படம் எடுக்கப் போனால் லேப்டாப்பில் நான் உட்காருவேன், கேமரா பிடிப்பவன் முத்துராசா. பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. அவனுக்கு நான் மாப்ள, எனக்கு அவன் மாப்ள. கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் நான் தவறாமல் சொல்லும் வசனம் ஒன்று உண்டு: "கேபிளுக்கு ரெண்டு முனை. ரெண்டையும் பாருங்க." சொல்லும்போது குரலில் கொஞ்சம் கர்வம்கூட இருக்கும்.

பிரிண்டர், ப்ரொஜெக்டர், மைக்செட் என்று எதையாவது பத்துப் பேர் வேடிக்கை பார்க்கும்போது சரிசெய்து பிழைக்கிற சகபாவிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பத்துப் பேர் பார்க்கும்போது மெஷின் நின்றால், நாம் கோளாறைத் தேடுவதற்கு முன்னால் பழியைப் போட ஓர் ஆளைத் தேடுவோம், இல்லையா? எனக்கு அந்த ஆள் எப்போதும் பக்கத்திலேயே நின்றான்.

தூங்கிப்போன கேமரா

சுங்குடிச் சேலைக் கடை ஒன்றுக்கு கேட்லாக் படம். கடை மாடியில் விளக்குகளை நிறுத்தி, பொம்மைக்குச் சேலை கட்டி எடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு சேலை கட்டிக் கொசுவம் சரிசெய்யப் பத்து நிமிஷம் ஆகும். சேலை தயாரானதும் முத்துராசா கேமராவை அழுத்துவான். திரையில் ஒன்றும் வராது. கேபிளைக் கழற்றிச் செருகினேன். வேறு கேபிள் போட்டேன். லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டேன். ஒரு படம் வரும், அடுத்த சேலைக்குள் தொடர்பு மறுபடி போய்விடும். "மாப்ள, நீ ஆட்டுறதுலதான் லூசாகுது. ஆடாமப் பிடிடா" என்று கடை ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். அவன் அந்தப் பொம்மைக்குப் போட்டியாக அசையாமல் நின்றான்.

பாதி நாள் போன பிறகுதான் பிடிபட்டது. சும்மா இருந்தால் ஒரு நிமிஷத்தில் கேமரா தானாகத் தூங்கிவிடும்படி அதற்குள் ஒரு செட்டிங் இருந்தது. அது தூங்கினால் லேப்டாப்புடன் தொடர்பும் போய்விடும். பேட்டரி மிச்சமாகட்டும் என்று அந்த செட்டிங்கை வைத்தவனே நான்தான். சத்தமில்லாமல் மாற்றினேன், வேலை ஓடியது. முத்துராசாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர் என்ன கோளாறு என்று கேட்டார்; கேமரா தூங்கிவிட்டது என்று அவர் காதோரம் முணுமுணுத்தேன். அவர் சொன்னார்: "மத்தியானமானா எங்க மேனேஜரே தூங்குறாரு தம்பி. அதுக்கு எதுக்கு அந்த ஆளை வஞ்சீங்க?"

காளையும் முப்பது அடி கேபிளும்

நகருக்கு மேற்கே ஒரு கிராமத்தில் விவசாயி ஒருவருக்குத் தன் காளையைப் படமெடுத்து ஃப்ளெக்ஸ் வைக்க ஆசை. திமில் எடுப்பாகத் தெரிகிறதா என்று ஒவ்வொரு படத்தையும் உடனே பார்க்க வேண்டும் என்றார். காளையைப் பார்த்ததும் எனக்கு லேப்டாப்பின் பாதுகாப்பு பற்றிப் பெரிய கவலை வந்துவிட்டது. தோட்டத்து மோட்டார் ரூமுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, இரண்டு கேபிளை ஒட்டி முப்பது அடிக்கு நீட்டினேன். முத்துராசா அந்தப் பக்கம் காளைக்கு எதிரில்.

படம் பாதி வரும், நின்றுவிடும். "மாப்ள, பிளக்கை அமுக்கிப் பிடி!" என்று மோட்டார் ரூமிலிருந்து கட்டளை இட்டேன். ஒரு கையில் கேமரா, ஒரு கையில் பிளக் என்று நின்றவனைப் பார்த்துக் காளை தலையை ஒரு சிலுப்பு சிலுப்பியது. அவன் ஓடி வந்த ஓட்டத்தில் கேபிள் பிய்ந்தது. "ஒன்னாலதான்டா போச்சு" என்றேன். கேபிளை அம்புட்டு தூரம் நீட்டினால் தகவல் பாதி வழியிலேயே சோர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும். எப்படியாவது ஓடிவிடும் என்று நினைத்தேன். கேபிள் நீளம்தான் கோளாறு என்று கடைசியில் விவசாயியிடம் ஒப்புக்கொண்டபோது அவர் சிரிக்கவில்லை. "மாட்டுக்கே பன்னண்டு அடி கயிறுதான் தம்பி. அதுக்கு மேல விட்டா நம்ம சொல்லு அதுக்குக் கேக்காது. இது தெரியாமயா கம்ப்யூட்டர் படிச்ச?"

கோச்சடைக் காதுகுத்து

இதுவரை சொன்னதற்குச் சிரித்திருந்தால் சரி. இனி எனக்குச் சிரிப்பு வராது.

கோச்சடையில் ஜோதி அக்கா வீட்டுக் காதுகுத்து. ஜோதி அக்கா எங்கள் தெருவில் முன்பு குடியிருந்தவர். அவருக்கும் அவர் தங்கைக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை. கல்யாணப் பேச்சு ஒன்றில் வந்த மனஸ்தாபம். தங்கை வரமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எல்லோரும் கிடாக்கறி சாப்பிடப் பந்திக்குப் போன நேரத்தில் அந்தத் தங்கை தனியாக வந்து மண்டப வாசலில் நின்றிருக்கிறார். ஜோதி அக்கா ஓடிப்போய்க் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டி வந்து, காது குத்திய பிள்ளையை அவர் மடியில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். முத்துராசா ஆறு படம் எடுத்திருக்கிறான்.

"இருக்கிறார்", "இருக்கிறான்" என்று எழுதுகிறேன், கவனித்தீர்களா? நான் அங்கே இல்லை. முத்துராசாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டேன். லேப்டாப்பில் மாப்ள இருக்கிறான் என்ற நம்பிக்கையில் அவன் திரும்பிப் பார்க்காமல் எடுத்துக்கொண்டிருந்தான்.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், கேமராவைக் காணோம் என்கிறது லேப்டாப். தொடர்பு எப்போதோ போயிருந்தது. அப்படிப் போனாலும் கேமராவுக்குள் இருக்கும் கார்டில் படம் விழும், பயமில்லை. ஆனால் அந்தக் கார்டு என் சட்டைப்பையில் இருந்தது. பழைய படங்களை இறக்குவதற்காகக் காலையில் கழற்றியவன், திரும்பப் போட மறந்துவிட்டேன். கார்டு இல்லாவிட்டாலும் கேமரா க்ளிக் என்று சத்தம் போடும்படி செட்டிங் வைத்ததும் நான்தான். ஆறு க்ளிக்கும் வெறும் சத்தம்.

அதற்குள் தங்கை கிளம்பிப் போயிருந்தார். படத்தை டிவியில் போடச் சொல்லி ஜோதி அக்கா வந்தார். சுற்றி உறவுக்காரர்கள். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "முத்துராசா கேபிளை மிதிச்சுட்டான்க்கா." முத்துராசா குனிந்து தன் காலைப் பார்த்தான். கேபிள் அவன் கால் பக்கத்தில்தான் கிடந்தது. "சாரிக்கா" என்றான். உறவுக்காரர்கள் ஆளுக்கு ஒன்றாக அவனைப் பேசினார்கள். நான் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டு நின்றேன். ஜோதி அக்கா மட்டும் யாரையும் திட்டவில்லை. "பதினோரு வருசங் கழிச்சு அவ எம்பக்கத்துல ஒக்காந்தா தம்பி. மறுபடி வந்து ஒக்காருன்னு நா எந்த வாயால கேக்குறது?"

தொழில் நடக்கிற இடம்

அதன் பிறகு முத்துராசா என்னோடு வரவில்லை. போன் செய்தால் "வேற வேலை இருக்கு மாப்ள" என்பான். எனக்கும் ஒரு சமாதானம் இருந்தது. கார்டை மறந்தது என் தப்புதான். ஆனால் தொடர்பு அறுபட்டது அவன் காலால்தானே? ஆளுக்குப் பாதி. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த ஆயுத பூஜை முடிந்த வாரம், திருமங்கலத்திலிருந்து ஒரு ஸ்டூடியோக்காரர் கேமராவைக் கொண்டு வந்தார். லேப்டாப்பில் செருகினால் தொடர்பு வருகிறது, போகிறது என்றார். கேபிள் செருகும் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே காய்ந்து இறுகிய சந்தனம்! நம் பக்கத்தில் ஆயுத பூஜைப் பொட்டை எங்கேயாவது வைத்துவிட மாட்டார்கள். தொழில் நடக்கிற இடம் பார்த்து வைப்பார்கள். தையல் மெஷின் என்றால் ஊசிக்குப் பக்கத்தில், வண்டி என்றால் ஸ்டியரிங்கில். இவர் கேபிள் வாயில் தாராளமாக வைத்திருக்கிறார். கேபிள் முழுசாக உட்காராமல், லேசாக அசைந்தாலே தொடர்பு விட்டுப்போகிறது. பல்குச்சியால் சுரண்டிக்கொண்டே அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். படித்தவர் செய்கிற வேலையா, இதில் ஒரு பங்ஷனே போயிருக்குமே என்றெல்லாம் நீட்டினேன். பொறுமையாகக் கேட்டவர் என் மேஜையைக் கையால் காட்டினார். "எனக்குச் சொல்றீங்களேண்ணே, ஒங்க லேப்டாப்புலயும் அதே எடத்துலதான பொட்டு இருக்கு?"

கீழக்குயில்குடி

அவர் போன பிறகு கடையை உள்பக்கமாகச் சாத்திக்கொண்டு சுரண்டினேன். லேப்டாப்பின் இடது பக்க வாயிலிருந்து மஞ்சளாகத் தூள் உதிர்ந்தது. முந்தின வருஷ ஆயுத பூஜைக்கு என் கையால் வைத்த பொட்டு. அதற்குப் பதினைந்து நாள் கழித்துத்தான் கோச்சடை. அன்று கேபிள் செருகியிருந்ததும் அந்த வாய்தான். அன்றிலிருந்து அது சரியில்லை என்று வலது பக்கத்தில் செருகிக்கொண்டிருந்தேன். ஏன் சரியில்லை என்று ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை. பார்க்க எனக்குப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை. முத்துராசா எதையும் மிதிக்கவில்லை.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். ஜோதி அக்காவிடம் போய்ச் சொல்லவே நாலு மாதம் ஆனது. அவர் கதவைப் பிடித்தபடி கேட்டுவிட்டு, முத்துராசாகிட்ட மொதல்ல சொல்லு என்றார். அதற்கும் இரண்டு மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழக்குயில்குடிக்குப் போனேன். முத்துராசா வீடு அங்கேதான். இப்போது டவுனில் ஒரு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுக்கிறான். கேமரா ஸ்டாண்டில் நிற்கும், ஆள் ஸ்டூலில் உட்காருவார், இவன் நின்ற இடத்தில் நின்று அழுத்த வேண்டும். மேடை ஏறி, நாற்காலி மேல் ஏறி, பந்தலுக்குள் புகுந்து எடுத்தவன்.

"வா மாப்ள" என்றான், நேற்றுப் பார்த்தவன் மாதிரி. ஊரை ஒட்டிய மலைக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். கார்டு, செட்டிங், பந்தி, சந்தனம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். வைவான் என்று எதிர்பார்த்தேன், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். "அப்ப நா மிதிக்கலையா?" என்று கேட்டான். "இல்ல மாப்ள" என்றேன். டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுத் தன் செருப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "ஒன்றரை வருசமா காலைப் பாத்துக்கிட்டேதான் மாப்ள படம் எடுக்குறேன். மூஞ்சியப் பாத்து எடுக்குறதே மறந்து போச்சு."

கேபிளுக்கு இரண்டு முனை என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த நான், என் பக்கத்து முனையைக் குனிந்து பார்க்க மட்டும் ஒரு சிநேகிதனின் ஒன்றரை வருஷத்தை எடுத்துக்கொண்டேன்.