உயராத கை

என் அலுமாரியில் பழைய கூட்ட அறிக்கையொன்றின் பிரதி கிடக்கிறது. ஒரே ஒரு பக்கம். ஓரத்தில் வடை எண்ணெய் பட்ட கறை. கீழிருந்து மூன்றாவது வரியில் ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று நான் தட்டச்சு செய்திருக்கிறேன். ஓய்வு பெற்று வரும்போது நீர்ப்பாசன அலுவலகத்திலேயே விட்டிருக்கலாம், விடாமல் கொண்டுவந்தேன். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு போகத்துக்கும் முன் ஆரம்பக் கூட்டம் நடக்கும். எந்த வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, எப்போது தண்ணீர் என்று விவசாயிகள் கையுயர்த்தித் தீர்மானிக்க வேண்டும். முறை அதுதான். எங்கள் வழக்கமோ வேறு. முதல் நாளே எங்கள் அதிகாரி சேர் சொல்லச் சொல்ல நான் அறிக்கையை அடித்து முடித்துவிடுவேன். மறுநாள் அதை வாசிப்பார்கள், கைகள் உயரும், வடையும் பிளேன்டீயும் வரும், லுஹர் தொழுகைக்கு முன் எல்லோரும் வீடு போய்ச் சேரலாம். நடக்காத கூட்டத்துக்கு அறிக்கை எழுதுகிறோமே என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வேலை சுருக்காக முடிகிறது என்று பெருமைகூடப் பட்டிருக்கிறேன்.

அந்தச் சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் குறைவு. மாவடிப்பள்ளிப் பக்கம், வாய்க்காலின் கடைசியில் இருந்த வட்டைக்கு இந்தப் போகம் தண்ணீர் இல்லை என்று முதல் நாளே அடித்தாயிற்று. அந்த வட்டையில் நீர் பங்கிட விவசாயிகள் தெரிவு செய்திருந்த மனிதரை வட்டை விதானையார் என்போம். மெலிந்தவர். பேசுமுன் தொப்பியைக் கழற்றி மறுபடி போடுவார். மண்டபத்தில் எல்லாக் கைகளும் உயர்ந்தபோது அவர் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்தபடி இருந்தார். பிறகு எழும்பினார்.

“எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாப் பங்கு வெச்சா எங்கட வயலும் தப்பும் சேர். நான் கை உசத்தல்ல. அத எழுதுங்க தங்கச்சி.”

சேர் என்னைப் பார்த்தார். முழுத் தாளையும் திரும்ப அடிக்க வேண்டுமே என்ற அலுப்புத்தான் எனக்கு. வடைத் தட்டும் வந்துவிட்டது. நான் எழுதவில்லை. அவருடைய வட்டைக்காரரிலேயே பாதிப்பேர் கையுயர்த்தியிருந்தார்கள். பக்கத்தில் இருப்பவர் உயர்த்தினால் தாமும் உயர்த்துவது எங்கள் ஆட்களின் பழக்கம். எதற்கு என்று தேநீர் குடிக்கும்போதுதான் கேட்பார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அவரோடு இருபது பேரளவில் அலுவலகத்துக்கு எதிரே வாகை மர நிழலில் வந்து நின்றார்கள். வீதியை மறிக்கவில்லை, கூச்சலும் இல்லை. ‘எங்கள் வட்டைக்கும் தண்ணீர் வேண்டும்’ என்று அட்டையில் எழுதிப் பிடித்திருந்தார்கள். “ஒருத்தரும் மம்பட்டி கொண்டுவராதீங்க, பொறகு ஆயுதம் எண்டு எழுதிப்போடுவாங்க” என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாராம். அவ்வளவு கவனமான மனிதர்.

அஸர் தொழுகைக்கு முன் பொலிஸ் வந்தது. கொண்டுவந்த அறிவித்தல் சிங்களத்தில் இருந்ததால் விளங்கப்படுத்த என்னைக் கூப்பிட்டார்கள். விவசாயிகளே ஒருமித்து எடுத்த தீர்மானத்துக்கு எதிராக வெளியாட்கள் குழப்பம் செய்கிறார்கள், உடனே கலைய வேண்டும் என்று அதில் இருந்தது. ஆதாரமாக ஒரு தாளையும் இணைத்திருந்தார்கள். அது என்னுடைய அறிக்கை. அதையும் நானே அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன்.

விதானையார் தொப்பியைக் கழற்றினார். “இது நீங்க எழுதினதா தங்கச்சி?”

“ஓம்.”

“நான் கை உசத்தாம இருந்தத நீங்க கண்டீங்கதானே?”

“கண்டன்.”

“பொறகு?”

நான் தாளை மடித்தேன். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். அட்டைகளைச் சேர்த்துக் கட்டிச் சைக்கிளில் வைத்தார்; எல்லோரும் போய்விட்டார்கள். அந்தப் போகம் அவருடைய வட்டையில் மாடுகள்தான் மேய்ந்தன. அடுத்த முறை தண்ணீர் கேட்டு நிற்க அவர் கூப்பிட்டபோது, “எழுதி முடிச்சிட்டாங்க, இனி என்னத்துக்கு?” என்று ஒருவரும் வரவில்லையாம். தடியடியும் கண்ணீர்ப்புகையும்தான் மனிதரின் வாயை அடைக்கும் என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு சோம்பேறி எழுதுவினைஞர் போதும்.

இப்போது என் மகளும் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். இன்றிரவு சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு எதையோ அடித்தாள். நாளைக் காலை நடக்கப்போகும் கூட்டத்தின் அறிக்கை. எங்கள் கடற்கரை வீதியின் முடிவில் குப்பை கொட்டுவதற்கு வீதி மக்கள் ஏகமனதாகச் சம்மதித்துவிட்டார்களாம். நான் அந்த வீதியில்தான் இருக்கிறேன். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

“அத அழி” என்றேன்.

“எல்லா ஒபிஸ்லயும் இப்படித்தான் உம்மா. ஆரு எதிர்த்துக் கதைக்கப்போறா?”

அலுமாரியைத் திறந்து அந்தத் தாளை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னேன். எண்ணெய்க் கறையை விரலால் தொட்டுப் பார்த்தாள். “இது நீங்க எழுதினதா?” என்று கேட்டாள். ஓம் என்றேன். மறுபடி கணினிப் பக்கம் திரும்பினாள். ‘ஏகமனதாக’ என்ற சொல்லை அழித்தாளா என்று நானும் எட்டிப் பார்க்கவில்லை.

நாளை அந்தக் கூட்டத்துக்கு நானும் போகிறேன். வடை வேண்டாம். கைகள் உயரும்போது என் இரண்டு கைகளையும் மடியிலேயே வைத்திருப்பேன். என் மகள் அதை எழுதுகிறாளா என்று பார்க்க வேண்டும்.