கருங்குழிக்கு அடைத்த வழி

தெருவிலேயே முதல் பட்டதாரி அமிர்தவல்லி. அதனால் கருங்குழியில் அவள் வீட்டிலிருந்து எந்த விண்ணப்பமும் அவள் கண்ணில் படாமல் வெளியே போனதில்லை. தங்கை வேண்டா, நர்சிங் படிப்பில் ஓர் இலவச இடத்துக்கு நிரப்பி வைத்துவிட்டு ஒரு வாரமாகக் காத்திருந்தாள். கடைசி நாள் காலை, கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும்போதுதான் அக்கா அதைப் பார்த்தாள்.

"சரியாத்தான் கீது. அஞ்சு மணிக்குள்ள பிரவுசிங் சென்டர்ல குடுத்து அனுப்பிடு."

"போன வாரமும் இதேதான்கா வெச்சிகினு இருந்தேன்."

"ரொம்பப் பேசாத."

அமிர்தவல்லிக்கு மறைமலைநகரில் வேலை. இணையதளத்தின் பெயரைக் கேட்டால் முகவரி சொல்லும் சர்வர்களைக் காப்பது. வேண்டா சேர நினைத்த மாமல்லபுரம் பக்கத்துக் கல்லூரியின் தளமும் அந்தச் சர்வர்களை நம்பித்தான் இருந்தது; அவை பதில் சொல்லாவிட்டால் தளம் திறக்காது.

மூன்று மணிக்குத் தாக்குதல் தொடங்கியது. இல்லவே இல்லாத பெயர்களை நொடிக்கு லட்சக்கணக்கில் யாரோ கேட்க, பதில் சொல்லியே சர்வர் திணறியது. அந்தக் கேள்விகள் வந்த வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். நாலரைக்கு மிஞ்சியது கருங்குழி கேபிள் நெட். ஊர்க்கடைகளில் மாட்டிய கேமராக்களின் பாஸ்வேர்டை யாரும் மாற்றியதில்லை. எவனோ உள்ளே புகுந்து, அந்த இல்லாத பெயர்களை அவற்றைக் கொண்டே கேட்க வைத்திருந்தான்.

"மொத்தமா அடைச்சிடு," என்றான் டீம் லீடர் ஹரிஹரன்.

"வேகத்த மட்டும் குறைக்கலாம் சார். பத்து நிமிஷம் குடுங்க. நிஜமா கேக்குறவங்களும் அது வழியாத்தான் வராங்க."

"உங்க ஊருதானே?"

"ஆமா சார். என் தங்கச்சி இன்னிக்கு..."

"அப்ப நீயே அடைச்சாத்தான் மரியாதை."

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். போன் வெளியே லாக்கரில் இருந்தது. ஒரு நிமிடம் பேசிவிட்டு வருகிறேன் என்றாள்.

"போய்ட்டு வா. பெர்மனென்ட் லிஸ்ட் நாளைக்குப் போகுது. நிதானமாவே வா."

அவள் எழவில்லை. நாலு முப்பத்தெட்டுக்கு அடைத்தாள். சர்வர் மூச்சுவிட்டது. யாரோ கை தட்டினார்கள். மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் கேட்டவர்களுக்கெல்லாம் பதில் போவது திரையில் தெரிந்தது. கருங்குழிக்கு எதிரே பூஜ்யம். ஐந்தே காலுக்குத் தாக்குதல் ஓய்ந்ததும் திறந்துவிட்டாள். அறிக்கையில் 'பாதிக்கப்பட்ட உண்மைப் பயனர்கள்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று போடச் சொன்னான் ஹரிஹரன். போட்டாள்.

லாக்கரில் போன், பத்தொன்பது தவறிய அழைப்புகளோடு கிடந்தது.

"சென்டர்ல ஒரே கூட்டம், என் முறை வர நாலே முக்கா ஆயிடிச்சு. காலேஜ் பக்கம் மட்டும் வரவேயில்லக்கா. சென்டர் அண்ணாத்த மூணு தபா ஆஃப் பண்ணி ஆன் பண்ணாரு."

"மொபைல் நெட்டுல போட்டிருக்கலாம்ல? அறிவு இல்ல?"



"தெரியலக்கா. அதக் கேக்கத்தான் உனக்கு போன் போட்டுகினே இருந்தேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கருங்குழிக்கு வழியை யார் அடைத்தார்கள், எதற்கு அடைத்தார்கள் என்று. பெர்மனென்ட் ஆனபோதும் சொல்லவில்லை. தங்கைக்கு வலிக்கும் என்பதாலா, தனக்கு அசிங்கம் என்பதாலா? பஸ்ஸில் போகையில் தன்னையே கேட்டுக்கொள்வாள். முதலாவது என்று நம்பப் பார்ப்பாள்.

அடுத்த மாதம் வேண்டா கார் உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்தாள். அதற்கும் ஒரு விண்ணப்பம் இருந்தது. அதை அவள் அக்காவிடம் காட்டவில்லை.