ஊதா விளக்கும் ஓர் ஊதுபத்தியும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் கையிலிருந்த ஊதுபத்தியைப் பிடுங்கி, சமையலறைத் தொட்டியில் முக்கி அணைத்தேன்.

சாமி கும்பிடுகிற மனுஷனிடம் இப்படிச் செய்யலாமா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இருங்கள், முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள். முதலில், அவர் சாமி கும்பிடுகிற மனுஷனே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து பூஜை அலமாரிப் பக்கம் அவர் போனது, அதன் பின்னால் எலி புகுந்த அன்றைக்குத்தான். இரண்டாவது, அவருக்குப் புகை ஆகாது. கொசுவர்த்தி கூடாது, சாம்பிராணி கூடாது, ஊதுபத்தி கூடவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர் படுக்கையறை மூலையில் குந்தி உட்கார்ந்து, எரிகிற ஊதுபத்தியைத் தரையோரமாகப் பிடித்துக்கொண்டிருந்தால்...?

"இன்னாங்க இது? உயிர் மேல ஆசையே இல்லியா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"சரி சரோ... வுடு" என்றார். அவ்வளவுதான். சட்டையை மாட்டிக்கொண்டு வராந்தாவில் போய் உட்கார்ந்துவிட்டார். அவர் திருப்பிக் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அவரைத் தெரியும். ஏழுமலை. முப்பது வருஷம் தங்கச் சுரங்கத்தில் வேலை, வென்டிலேஷன் பிரிவில். கீழே எல்லோரும் தங்கம் தோண்டிக்கொண்டிருக்க, இவர் காற்றை அளந்துகொண்டிருந்தார். சுரங்கக்காரர்கள் குடியிருக்கிற லைன் வீடுகளில் 'காத்து ஏழுமலை' என்றுதான் பெயர். "சம்பளம் நிஜம், வேலை மட்டும் காத்து" என்று நானே எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். அவரும் சிரிப்பார்.

இந்த வருஷம் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அவர் வீட்டுக்கு வந்தார். கூடவே ஒரு டிபன் கேரியர், ஒரு ஜோடி பூட்ஸ், முப்பது வருஷத்து இருமல்.

படுத்தால் மூச்சு முட்டுகிறது. நான்கு தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூங்குகிறார். டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "உள்ளே போன தூசி இனி வெளியே வராதும்மா. புதுசா எதுவும் போகாம பாத்துக்கோங்க."

பாத்துக்கோங்க! எப்படிப் பார்த்துக்கொள்வது? எங்கள் ராபர்ட்சன்பேட்டை வீட்டுக்கு மேற்கே போனால் சயனைட் மேடு. கல்லை அரைத்துத் தங்கத்தை எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கொட்டிக் கொட்டிக் குன்றாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள். ஆடிக்காற்று கிளம்பினால் அந்த வெள்ளைத் தூசி முழுக்க எங்கள் ஊருக்குள்தான். சோற்றுத் தட்டில் தூசி, நான் திருத்துகிற பரீட்சைப் பேப்பரில் தூசி. துவைத்துக் காயப்போட்ட சேலையை உதறிவிட்டு மறுபடி துவைக்க வேண்டும்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற எங்கள் மகள் தேன்மொழிக்கு அப்பா என்றால் உயிர். "நைனா ரூமுக்கு ஒரு ஏ.ஸி. போட்டுடலாம்மா. அதுக்குள்ள அல்ட்ரா வயலட் லைட் வெச்சு காத்தைச் சுத்தம் பண்றாங்களாம்" என்றாள். இன்டர்நெட்டிலிருந்து ஒரு கத்தை பிரின்ட் அவுட் வேறு.

நானும் அவளும் அதை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எல்லாம் அமெரிக்க வீடுகளுக்கு எழுதியது. வீடு முழுக்கச் சூடாக்கிக் குளிர்விக்கிற ஒரே இயந்திரம்... அதிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் பெரிய தகரக் குழாய்... அந்தக் குழாய்க்குள் விளக்கைப் பொருத்த வேண்டுமாம். எங்கள் வீட்டில் சூடாக்குவதற்கு இருப்பது குளியலறை பாய்லர் ஒன்றுதான். அதில் எந்த விளக்கைப் பொருத்துவது? கடைசியில், ஜன்னல் ஏ.ஸி.க்குள்ளேயே வைக்கிற மாதிரி ஒன்று பெங்களூரில் கிடைக்கிறது என்று கண்டுபிடித்தாள். நீளக் குழலா, சின்னக் குழலா? ஒன்றா, இரண்டா? ஒரு வாரம் இதே பேச்சு. அவள் ஆபீஸில் நாலு பேரைக் கேட்டாள். நான் எங்கள் ஸ்கூல் சயன்ஸ் டீச்சரைக் கேட்டேன், டாக்டரைக் கேட்டேன், பேங்கில் ஏ.ஸி. இருக்கிறதே என்று மேனேஜரைக்கூடக் கேட்டேன்.

என் வீட்டுக்காரர் எதிர் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

டை கட்டிய சேல்ஸ்மேன் பெங்களூரிலிருந்து வந்தார். பிரகாஷ் என்று பெயர். நல்ல பையன், அரைக் கன்னடத்தில் அழகாகத் தமிழ் பேசினார். "ஒந்து நிமிஷ மேடம்" என்று மாட்டி முடித்து சுவிட்சைப் போட்டதும், ஏ.ஸி.யின் இடுக்கு வழியாக ஊதா வெளிச்சம் கசிந்தது. எவ்வளவு அழகு! "இந்த லைட்டைத் தாண்டிப் போற கிருமி எல்லாம் குளோஸ் மேடம். ஆனா நேரா கண்ணால பாக்கக் கூடாது. எரிஞ்சுட்டே இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். ரூமை மட்டும் நல்லா மூடி வெச்சுக்கோங்க" என்றார். ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு எல்லாவற்றிலும் ரப்பர் பட்டை ஒட்டினார். ஒரு வாரம் வைத்துப் பாருங்கள், திங்கட்கிழமை வருகிறேன், பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

அன்றைக்கு மத்தியானமே ஆரம்பித்தது சண்டை.

சாப்பிட்டுவிட்டு என் வீட்டுக்காரர் படுத்தார். கதவைச் சாத்திவிட்டு வந்தேன். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது. இடையில் அவருடைய சுரங்க பூட்ஸ் ஒன்று, கதவு மூடாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டு! எடுத்து வெளியே வைத்துக் கதவைச் சாத்தினேன். மறுநாளும் பூட்ஸ். அதற்கு மறுநாள் பூட்ஸைப் பரணில் ஏற்றினேன். அவர் கட்டிலை விட்டுவிட்டு, தலையணைகளைத் தூக்கிக்கொண்டு வராந்தா பெஞ்சுக்குப் போய்விட்டார். அங்கே தூசி. இருமினார், இருமினார்...

"பொண்ணு ஆசையா வாங்கிக் குடுத்தா, உங்களுக்கு இன்னா வீம்பு?" என்றேன்.

"உள்ள சரிப்படல சரோ" என்றார்.

சரிப்படல! வேலை போனதிலிருந்து இந்த மனுஷனுக்கு எதுவுமே சரிப்படவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊதுபத்தியோடு பார்த்ததும், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வேறொரு பயமும் வந்தது. சாமியே இல்லை என்கிறவர் ஊதுபத்தி ஏற்றுகிறார் என்றால், இனிமேல் பிழைக்க மாட்டோம் என்று முடிவு கட்டிவிட்டாரா? அந்தப் பயத்தில்தான் அப்படிக் கத்தினேன்.

பத்து மணி ரயிலில் தேன்மொழி வந்தாள். வராந்தாவில் அவர் முகம், சமையலறையில் என் முகம். அவளுக்கு விஷயம் சொல்லத் தேவையே இல்லை. நேராக அப்பாவிடம் போய் உட்கார்ந்தாள். நான் செய்யாத ஒன்றைச் செய்தாள். கேட்டாள்.

"ஏன் நைனா ஊதுவத்தி ஏத்துன?"

"காத்து நடக்குதான்னு பாத்தேன் கண்ணு."

"நடக்குதா?"

"வா, காட்றேன்."

நானும் பின்னாலேயே போனேன், இன்னொரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு. "நீங்க தள்ளி நின்னு சொல்லுங்க, நான் புடிக்கிறேன்" என்றேன். கதவைச் சாத்தச் சொன்னார். ஏ.ஸி. ஓடிக்கொண்டிருந்தது. அதன் வாய் பக்கம் பிடித்தேன். புகை விரைந்து போய் எதிர்ச் சுவரில் மோதி, மேலே ஏறி, திரும்ப ஏ.ஸி.க்குள்ளேயே போய்விட்டது. "இப்ப என் தலைமாட்டாண்ட புடி" என்றார். பிடித்தேன். புகை நேராக எழும்பியது, அப்படியே நின்றது. அசையவே இல்லை.

"பாத்தியா? அதே காத்துதான் சுத்திகினு கீது. நான் படுக்குற எடத்துல அதுவும் இல்ல. கீழ இந்த மாதிரி முட்டுச் சந்து கெடைச்சா, நாங்க ஒரு ஆளை உள்ள வுட மாட்டோம். செத்த காத்து."

பிறகு அலமாரி மேலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்தார். நனைத்துப் பிழிந்து, ஏ.ஸி. வாய்க்கு எதிரில் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டிருந்தாராம். நான் கைக்குட்டை என்று நினைத்து ஒதுக்கிவிட்டுப் போயிருக்கிறேன். துணியில் திட்டுத் திட்டாக மேட்டுத் தூசி படிந்திருந்தது.

"லைட்டு கிருமியைக் கொல்லும். நம்புறேன். தூசு சாவுமா? அது கல்லு. அதுக்கு ஏது உயிரு?"

தேன்மொழி கையிலிருந்த பிரின்ட் அவுட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் எத்தனை பேரைக் கேட்டோம் என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். பேங்க் மேனேஜரைக் கேட்டேன் ஐயா! முப்பது வருஷம் பூமிக்கடியில் ஆயிரம் பேர் மூச்சுக்குக் காவல் நின்ற மனுஷன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரைக் கேட்க வேண்டும் என்று இரண்டு படித்த பெண்களுக்கும் தோன்றவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அதை அவரிடமும் சொன்னேன்.

"மைன் மூடுனதுலேர்ந்து யாருதான் கேக்குறாங்க, வுடு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை பிரகாஷ் வந்தார். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. (நம்புங்கள்.)

"தம்பி, ஒரு மூணு கேள்வி" என்றார் இவர். "இந்தப் பொட்டிக்குள்ள வெளிக்காத்து எவ்ளோ வருது? காத்து லைட்டுக்கு முன்னாடி எவ்ளோ நேரம் நிக்குது? நின்னாத்தானே கிருமியாச்சும் சாவும்? மூணாவது, தூசைப் புடிக்க இன்னா வெச்சிக்கீறீங்க?"

பிரகாஷ் பையைத் திறந்தார், காகிதங்களைப் புரட்டினார், மூடினார். "சார்... இதெல்லாம் யாரும் கேட்டதே இல்ல சார். லைட் அழகா இருக்கான்னுதான் கேப்பாங்க." எவ்வளவு அழகு என்று வியந்த ஆள் நான்தானே, தலையைக் குனிந்துகொண்டேன். "நீங்க எந்த ஃபீல்டு சார்?"

"காத்து" என்றார் என் வீட்டுக்காரர்.

அதற்கப்புறம் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, என் ஸ்கூல் சாக்பீஸால் சிமென்ட்டில் படம் போட்டார்கள். பிரகாஷ் நேர்மையாகவே ஒத்துக்கொண்டார்: ஈரத்தில் பூஞ்சை பிடிக்கிற இடம், கிருமி பரவுகிற இடம் என்றால் இந்த விளக்கு உதவும், இந்த வீட்டில் இதற்கு வேலை இல்லை. கடைசியில் முடிவானது இதுதான். மேற்கு ஜன்னலை அடைத்தாயிற்று. கிழக்கு ஜன்னலில் ஒரு ஃபேன், அதன் முன்னால் கெட்டியான ஃபில்டர். ஃபேன் காற்றை வெளியே இழுக்காது, உள்ளே தள்ளும்.

"ஏங்க, வெளிய இழுக்குறதுதானே ஃபேனு?" என்றேன். வாய் சும்மா இருக்குமா?

"இழுத்தா சந்து பொந்து வழியா எல்லாம் தூசு உள்ள வரும் சரோ. உள்ள தள்ளுனா, அதே சந்து வழியா காத்து வெளிய போவும். போற காத்தை எதுத்துகினு தூசு எப்பிடி வரும்?"

இவ்வளவுதானா? இவ்வளவுதான். ஒட்டிய ரப்பர் பட்டைகளில் பாதியைப் பிரகாஷே உரித்தார். ஊதா விளக்கு ஏ.ஸி.யோடு பெங்களூருக்குத் திரும்பிப் போனது. போகும்போது பிரகாஷ் தன் நோட்டில் அந்த மூன்று கேள்விகளையும் எழுதிக்கொண்டு போனார். அடுத்த வீட்டில் கேட்கப் போகிறாராம்.

அதிசயம் நடந்துவிட்டது என்று எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள். இருமல் இருக்கிறது. உள்ளே போன தூசி உள்ளேயேதான் இருக்கிறது. நான்கு தலையணை மூன்றாகியிருக்கிறது, அவ்வளவே. அந்த நான்காவது தலையணையை நான் உறை மாற்றி, என் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

இன்னொன்று. கீழே ஒரு பகுதியில் காற்றைச் சோதித்து முடித்தால், அங்கே பாறையில் சாக்பீஸால் தேதி போட்டுக் கையெழுத்திடுவாராம். அதைப் பார்த்த பிறகுதான் ஷிஃப்டு ஆட்கள் உள்ளே போவார்களாம். முப்பது வருஷக் குடித்தனத்தில் இது எனக்கு இந்த வாரம்தான் தெரியும்.

இப்போது என் சாக்பீஸ் டப்பா அவர் சட்டைப் பையில். தினமும் காலையில் படுக்கையறைக் கதவில் தேதியும் கையெழுத்தும் விழுகிறது.

அதைப் பார்த்துவிட்டுத்தான் நானும் உள்ளே போகிறேன்.