நெல்லிக்காய்த் துணி

போன வாரம் ஒரு மனிதரின் காலை மடியில் வைத்துக்கொண்டு கொல்லிமலையிலிருந்து பஸ்ஸில் இறங்கினேன். எழுபது வளைவுகள்... ஒவ்வொன்றிலும் அவர் பல்லைக் கடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

காலுக்குச் சொந்தக்காரர் செல்லன். மலைமேல் திண்ணனூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில் மிளகும் மரவள்ளியும் போடுகிறவர். சர்க்கரை வியாதி உண்டு. மிளகு பறிக்கும்போது மூங்கில் சிம்பு ஏறிய பாதம், இரண்டு மாதமாக ஆறவில்லை.

அந்தப் புண்ணுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறதே!

அடிவாரத்தில் மிளகு வியாபாரம் செய்யும் என் நண்பரின் மகள் நூர்ஜஹான். ஆராய்ச்சி மாணவி. ஒருநாள் தன் லேபுக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தாள். ஊசி முனையில் ஒரு சொட்டு. அதற்குக் கரண்ட் கொடுத்ததும் சொட்டு கூராகி, இழையாக நீண்டு... காணோம்! அத்தனை மெல்லிசு. எதிரே இருந்த அலுமினியத் தாளில் மட்டும் மெல்ல மெல்ல ஒரு வெண்மை படிந்தது, மலையில் விடிகாலைப் பனி இறங்குகிற மாதிரி. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியாது.

"நானோ இழை, அங்கிள். உள்ளே நெல்லிக்காய்ச் சத்து இருக்கு" என்றாள்.

ஆறாத புண்ணில் உடம்பே உண்டாக்கும் சில பொருள்கள் நல்ல சதையையும் அரிக்குமாம். அதைத் தடுப்பவை ஆன்டி-ஆக்ஸிடன்ட்கள். நெல்லிக்காயில் அவை ஏராளம். ஆனால் சாற்றைப் பிழிந்து ஊற்றினால் நிற்குமா? சீக்கிரம் கெட்டுப்போகும். இழைக்குள் வைத்துவிட்டால், கொஞ்சம் கொஞ்சமாகப் புண்ணுக்குள் இறங்கும் என்பது அவள் கணக்கு.

"இன்னும் எலிக்குக்கூடக் கட்டிப் பார்க்கலை" என்றும் சொன்னாள். அது என் காதில் ஏறவே இல்லை. நான்தான் அந்த வெண்மைக்குள் மிதந்துகொண்டிருந்தேனே!

அடுத்த வாரமே நெல்லிக்காய் வாங்க இருவரும் மலையேறினோம். காட்டோரம் செல்லனின் மரங்கள். சிம்பு ஏறிய புதிது, காலில் கட்டுப் போட்டிருந்தார். நூர்ஜஹான் மரத்தடியில் காய் பொறுக்கிக்கொண்டிருக்க, நான் அவரிடம் கதை அளக்க ஆரம்பித்தேன். பனி மாதிரி ஒரு துணி, காற்றைவிட லேசு, கட்டினால் எந்தப் புண்ணும் ஆறிவிடும்... கனவு கண்டது போதாதென்று கடைவிரிக்கவும் செய்தேன். அவர் கண் கொட்டாமல் கேட்டார்.

போன வாரம் காய் வாங்க மறுபடி போனோம். வாசலுக்கு வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார். கட்டை அவிழ்த்ததும் வாடை அடித்தது. இரண்டு விரல்கள் கறுத்திருந்தன.

"ஆஸ்பத்திரிக்குப் போகலையாங்க?" என்று பதறினாள் நூர்ஜஹான்.

"மொத ரெண்டு வாரம் போனனுங்க. அப்புறம் எதுக்குன்னு நிறுத்திப்போட்டேன். துணி வருமில்லீங்க?"

"எந்தத் துணி?"

"நம்ம நெல்லிக்காத் துணி, கண்ணு. எங்க காட்டுல வெளஞ்சத எடுத்துப் போயி என்ன செஞ்சாலும், மொதப் பங்கு காட்டுக்காரன் ஊட்டுக்கு வந்துருமுங்க. எங்க பக்கத்து வழக்கம் அது. கேக்கறது மரியாத இல்லீங்க. அதான் காத்துட்டு இருந்தேன்."

கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்போம். மரியாதைக்காரர், கேட்கவில்லை.

நூர்ஜஹான் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ஐயா, அந்தத் துணி இன்னும் மருந்து இல்லை. பலிக்குமான்னு எனக்கே தெரியாது. பலிச்சாலும் வருஷக்கணக்காகும். உங்க காலுக்கு அது வராதுங்க."

அவர் என்னைப் பார்த்தார்.

"இவரு ஆறிடும்னு சொன்னாருங்களே?"

"தப்பாச் சொல்லிட்டேங்க" என்றேன். அவமானமாக இருந்தது. பத்திரிகையில் பத்தி எழுதுகிற எனக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்வது தொழில் பழக்கம். அதை ஆறாத புண்ணுக்கு முன்னால் நின்று செய்யலாமா?

போன் செய்து வண்டி கூப்பிடலாம் என்றால் செல்போனில் டவர் இல்லை. கிடைத்த பஸ்ஸில் ஏற்றினோம். கீழே தொங்கவிட்டால் வலி தாங்கவில்லை என்றார். அப்படித்தான் அந்தக் கால் என் மடிக்கு வந்தது. ஜன்னலுக்கு வெளியே மலை முழுக்கப் பனி... எப்போதும் பார்த்துக் கிறங்குகிற பனி. அன்றைக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது.

மறுநாள் பார்க்கப் போனோம். நூர்ஜஹானிடம் செல்லன் கேட்டார்: "காயி இன்னும் வேணுங்களா, கண்ணு? மரத்துல நெறையக் கெடக்குது."

அவள் அழுதுவிட்டாள். அவர் மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"துணி வரட்டுங்க சார். ஆனா அது வர்ற வரைக்கும், நீங்க மட்டும் யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை.

பேசியது என் வாய்... போனது அவர் விரல்கள்.