தெலுங்கு எழுத்தில் ஒரு தமிழ்க் கட்டுரை

தமிழ் ஹானர்ஸ் தேர்வுகளை எழுதி முடித்துச் சென்னையை விட்டுக் கிளம்பியபோது எனக்கு வயிற்றில் ஆறு மாதம். ஆராய்ச்சிக் கட்டுரை மட்டும் பாக்கி நின்றது. பிரசவத்துக்குப் பிறகு எழுதி அனுப்பலாம் என்று பேராசிரியை அம்மா பெரிய மனது பண்ணி, தை மாதக் கடைசி வரை தவணை கொடுத்தார். அது தவறினால் பட்டம் இல்லை. இன்னொன்றும் சொல்லியிருந்தார். புத்தகங்களை மட்டும் வைத்துக்கொண்டு எழுதக் கூடாது, ஆய்வு இதழ்களில் வந்த கட்டுரைகளையும் தேடிப் படிக்க வேண்டும், எந்த இதழ், எந்தப் பக்கம் என்று காட்ட வேண்டும்.

சேலத்தில் தாய் வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் மாதம் ஓசூரில் கணவர் வீட்டுக்கு வந்தேன். என் கட்டுரைப் பொருள், பழைய அகப்பாடல்களில் வரும் செவிலித்தாய். அவள் பெற்றவள் அல்ல, வளர்த்தவள். அவளைப் பற்றி ஒரு பழைய ஆய்வு மாத இதழில் நீண்ட கட்டுரை ஒன்று வந்திருப்பதாக வேறொரு கட்டுரையின் மூலம் தெரிந்தது. அதைப் படிக்காமல் எழுதினால் பேராசிரியை முதலில் அதைத்தான் கேட்பார் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஓசூரில் அந்த இதழின் பெயரைக் கேள்விப்பட்டவர்கூட இல்லை.

கணவருக்குப் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வாரம் முழுவதும் அங்கே ஓர் அறையில் தங்கி, சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வருவார். கண்டோன்மெண்டில் ஒரு வாசகசாலையில் அந்த இதழின் பைண்டு செய்த தொகுதிகள் இருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். வெளியே தர மாட்டார்களாம். வேலை முடிந்ததும் போய், தினம் ஒரு மணி நேரமாக மூன்று வாரம் உட்கார்ந்து, முழுக் கட்டுரையையும் கையால் எழுதிக்கொண்டு வந்தார்.

நோட்டைப் பிரித்தேன். எல்லாம் தெலுங்கு எழுத்து.

"என்னங்க இது?"

"நீ கேட்ட கட்டுரைதான். வரிக்கு வரி இருக்குது."

"தெலுங்குல இருக்கே!"

"தமிழ்தாம்மா, எழுத்துதான் தெலுங்கு. நான் தெலுங்குப் பள்ளிக்கூடத்துல படிச்சவன். தமிழ் படிச்சிருவேன், எழுதறதுன்னா எறும்பு ஊர்ற மாதிரிதான். அப்படி எழுதியிருந்தா உன் பொண்ணு கல்யாணத்துக்குத்தான் முடிஞ்சிருக்கும்."

எங்கள் இரண்டு குடும்பத்திலும் வீட்டுப் பேச்சு தெலுங்கும் தமிழும் கலந்ததுதான். ஆனால் சேலத்தில் படித்த எனக்குத் தெலுங்கில் ஓர் எழுத்தும் தெரியாது. அழுகை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அவருடைய அக்கா எங்களோடு இருந்தார். நான் வதினா என்று கூப்பிடுவேன். தமிழ் எழுத்து தெரியாது, தெலுங்கு நன்றாகப் படிப்பார். "குடு இங்க. நான் படிக்கிறேன், நீ எழுதிக்கோ" என்று நோட்டை வாங்கிக்கொண்டார்.

மத்தியானங்களில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வதினா படிப்பார், நான் தமிழில் எழுதுவேன். புரியாத சொல் வந்தால் நிறுத்திக் கேட்பார்.

"பொண்ணு காதலிச்சவனோட போயிட்டா. வளர்த்தவ காட்டு வழியில தேடிட்டு அலையறா. பெத்தவ எங்க போனா?"

"வீட்டுல அழுதுட்டிருக்கா, வதினா."

"நல்லா இருக்குது ஞாயம்!"

எனக்குச் சுருக்கென்றது. என் குழந்தையும் அப்போது என்னிடத்தில் இல்லையே. பேனாவை வைத்துவிட்டுக் கையை நீட்டினேன். வதினா தரவில்லை. "என் மடியிலதானே இருக்குது, ஊத்தங்கரையிலயா இருக்குது? எழுது."

அந்த இதழ்க் கட்டுரையைத் தமிழ் எழுத்தில் எழுதி முடித்த பிறகுதான் உண்மையான கவலை பிடித்தது. பெண்ணுக்குத் திருமணமானபின் செவிலிக்குப் பாடல்களில் வேலை இல்லை என்று அந்த அறிஞர் எழுதியிருந்தார். நான் எழுத நினைத்ததே அதற்கு நேர் மாறானது. செவிலி புது வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பெற்றவளிடம் சொல்லும் பாடல்கள் இருக்கின்றனவே! இவ்வளவு படித்தவருக்கு அது தெரியாமலா இருக்கும்? நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனா? அவரை மறுத்து ஒரு பக்கம் எழுதினேன். கிழித்தேன். மறுபடி எழுதினேன்.

அந்தச் சனிக்கிழமை கணவரிடம் கேட்டேன். "பக்கத்துக்குக் கீழே சின்ன எழுத்துல ஏதாவது இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு, நம்பர் போட்டு. அச்சாபீஸ்காரன் கணக்குன்னு விட்டுட்டேன்."

வதினா சிரித்துவிட்டார். "ஃபாக்டரியில நட்டு போல்ட்டும் இப்படித்தான் விட்டுட்டு வர்றியாடா?"

தவணைக்குப் பத்து நாள் இருந்தது. அவரையே மறுபடி அனுப்ப மனம் ஒப்பவில்லை. வேறெதையாவது விட்டிருந்தால்? கேட்கவும் கூச்சம், கேட்காமலிருக்கவும் பயம். கடைசியில் நானே வருகிறேன் என்றேன். திங்கட்கிழமை குழந்தையோடு பஸ் ஏறினோம். மொழிவாரியாகப் பிரித்தால் ஓசூர் எந்த ராஜ்யத்துக்குப் போகும் என்று பஸ்ஸில் இருந்தவர்களுக்குள் வழி முழுக்க மூன்று மொழிகளில் சண்டை. அவர் அரை நாள் லீவு சொல்லியிருந்தார்.

வாசகசாலைக்காரர் குழந்தையை உள்ளே விடவில்லை. கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே மரத்தடிக்குப் போனார்.

தொகுதியைத் திறந்து என் நோட்டோடு ஒப்பிட்டேன். அடிக்குறிப்புகளைத் தவிர ஒரு வரிகூட விட்டுப்போகவில்லை. ஓரிடத்தில் பூச்சி அரித்து இரண்டு சொல் போயிருந்தது. அவருடைய நோட்டில் அதே இடத்தில், அந்த ஓட்டையின் அளவுக்கே வெற்றிடம். இரண்டு நாளாக மனதுக்குள் அவரை எத்தனை குறை சொல்லியிருந்தேன்!

நான் மறுத்து எழுதிய வரிக்குக் கீழே அடிக்குறிப்பு இருந்தது. மணமனைக்குச் சென்று வரும் செவிலியின் பாடல்கள் இதற்கு விலக்கு, அவற்றைத் தனியே ஆராய வேண்டும் என்று அறிஞரே சொல்லியிருந்தார். அவருக்கு அது தெரியாது என்றல்லவா எழுதியிருந்தேன்! அப்படியே அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! அவர் தனியே ஆராயச் சொன்னதைத்தான் நான் செய்துகொண்டிருக்கிறேன் என்பது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

எல்லா அடிக்குறிப்புகளையும் பக்க எண்களையும் எழுதிக்கொண்டேன். நடுவில் குழந்தை அழும் சத்தம். ஜன்னலுக்கு ஓடினேன். அவர் அவளைத் தோளில் போட்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், உள்ளே போ என்று கையை ஆட்டினார்.

அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதி, தவணைக்கு நான்கு நாள் முன்பே பதிவுத் தபாலில் சேர்த்தேன். போய்ச் சேருமா, நேரத்துக்குப் போகுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டதில், "இன்னொரு வாட்டி கேட்டீங்கன்னா நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடறேம்மா" என்றார் தபால் ஆபீஸ்காரர்.

மாசி நடுவில் பேராசிரியையின் கார்டு வந்தது. கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். அன்று புதன்கிழமை. சனிக்கிழமை வரை பொறுக்க முடியவில்லை. அவருடைய பெங்களூர் அறைக்கு அப்போதே ஒரு கார்டு எழுதினேன், கையெழுத்துத் தமிழை நிறுத்தி நிறுத்திப் படிப்பார் என்று எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டு.