மூடிய கையைக் காட்டினேன்

எத்தனை விரல் என்று ரஹீம் பாயிடம் கேட்டேன். நான் கையைத் தூக்கும் முன்பே "ரெண்டு" என்றார். அன்றைக்கு அவர் கண் போயிருக்க வேண்டியது.

மயிலாப்பூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷத்துக்கு மேல் வார்டு ஆயாவாக இருந்தேன். படித்தது மூன்றாம் வகுப்பு. கேஸ் ஷீட் படிக்க வராது. ஆனால் கட்டிலில் படுத்திருப்பவர் முகத்தைப் பார்த்தே வலி எங்கே என்று சொல்லிவிடுவேன். டாக்டரம்மாவே அதை ஒத்துக்கொண்டிருக்கிறார்.

ரஹீம் பாய் மேற்கு மாம்பலத்தில் ஜாக்கெட் தைக்கிற டைலர். ஸ்கூட்டர் சறுக்கி, கன்னம் பிளாட்பாரத்தில் மோதிவிட்டது. கண் உட்கார்ந்திருக்கும் குழிக்குத் தரை மாதிரி ஒரு எலும்பு உண்டு. அப்பளம் போல மெல்லிசு என்பார் டாக்டரம்மா. அது உடைந்து, கண்ணை அசைக்கிற சதை விரிசலில் மாட்டிக்கொண்டது. பார்ப்பதெல்லாம் ரெண்டு ரெண்டாகத் தெரிந்தது.

"ஊசிக்கு ரெண்டு காது தெரியுதும்மா. எதுல நூல் கோக்கறது?" என்று அட்மிஷன் அன்றைக்கே என்னிடம் கேட்டார்.

காலையில் ஆபரேஷன் நடந்தது. கீழ் இமையின் உள்பக்கமாகப் போய், மாட்டிய சதையை விடுவித்து, உடைந்த இடத்தில் சல்லடை போன்ற டைட்டானியம் மெஷ் வைத்தார்கள். வெளியே தழும்பே இல்லை.

வார்டுக்கு வந்த பிறகு முக்கியமாக இரண்டு வேலை. மூக்கைச் சிந்த விடக்கூடாது. சிந்தினால் காற்று கண்குழிக்குள் ஏறிவிடும். அப்புறம், மணிக்கு ஒரு தடவை நல்ல கண்ணை மூடி, வீங்கிய இமையைத் தூக்கி, பார்வை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே ரத்தம் சேர்ந்தால் பார்வை நரம்பை நெரித்துவிடும். அப்புறம் போனது போனதுதான்.

ஒவ்வொரு மணிக்கும் ஸ்டெல்லா சிஸ்டர் இரண்டு விரலைக் காட்டினார். பாய் "ரெண்டு" என்றார். சிஸ்டர் ஷீட்டில் எழுதினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எப்போதும் அதே இரண்டு விரலைத்தான் காட்டுகிறோம் என்பது எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

பகல் மூன்று மணிக்கு சிஸ்டர் பக்கத்துக் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். "ஆயாம்மா, பாய்க்கு நீங்க கேளுங்க. நான் எழுதிக்கறேன்."

நல்ல கண்ணை உள்ளங்கையால் மறைத்தேன். அதே கைக் கட்டைவிரலால் வீங்கிய இமையைத் தூக்கினேன். எத்தனை விரல் என்று கேட்டதுமே, விரலைக் காட்டும் முன்பே அந்த "ரெண்டு" வந்தது.

"பாய், வலி எதுனா கீதா?"

"இல்லம்மா."

ஆனால் அவர் கை போர்வை ஓரத்தைக் கசக்கிக்கொண்டிருந்தது. டைலர் துணியைக் கசக்க மாட்டார்.

கையை மூடி அவர் முன்னால் நீட்டினேன்.

"இப்போ எத்தினி?"

"ரெண்டுதாம்மா."

"இன்னா பாய், கண்ணாமூச்சி ஆடறியா? கை மூடிக்கினு கீது."

பாய் போர்வையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இருட்டா இருக்கும்மா. சொல்லிடாதீங்க. மறுபடி பிரிப்பாங்க. பிரிச்சுத் தச்ச ஜாக்கெட் என்னிக்கும் ஒழுங்கா உட்காராது."

"ஜாக்கெட்டு போனா வேற துணி எடுக்கலாம். கண்ணுக்கு எந்தக் கடையில போய் எடுப்பே?" என்றபடியே சிஸ்டரைக் கூப்பிட்டேன்.

டாக்டரம்மா ஓடி வந்து இமைமேல் விரல் வைத்துப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கு. சிசர்ஸ் குடுங்க." மரத்துப்போக ஊசி போட்டு, கட்டிலிலேயே கண்ணின் வெளி ஓரத்தைக் கத்தரித்து உள்ளழுத்தத்தை இறக்கினார். நான் பாய் தலையைப் பிடித்திருந்தேன். அவர் என் முந்தானையைப் பிடித்திருந்தார். அதன்பின் தியேட்டருக்குக் கொண்டுபோய் ரத்தத்தை எடுத்தார்கள்.

மறுநாள் காலையில் கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது. நல்ல கண்ணை மறைத்து, மூடிய கையை நீட்டினேன். பாய் தலையைக் கொஞ்சம் சாய்த்தார்.

"மூடித்தான் இருக்கு" என்றார் கடைசியில். "ஜாக்கெட் கையில தையல் விட்டிருக்கே. யாரும்மா தச்சது?"

"எங்க தெருமுனைக் கடையில."

"அதான பார்த்தேன். நான் கடை திறந்ததும் குடுத்தனுப்புங்க."

வார்டில் வேலை பார்க்கிற பெண்களுக்கு ஒன்று சொல்வேன். பயந்தவர் நமக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார். அவர் தப்பு இல்லை அது. நடுவில் ஒருதரம் கையை மூடிக் காட்டுங்கள். பதிலை மட்டும் கேட்காமல், அவர் கையையும் பாருங்கள்.

அந்த ஜாக்கெட்டை ரஹீம் பாய் முழுக்கப் பிரித்துத் தைத்துக் கொடுத்தார். இன்றைக்கும் போட்டுக்கொள்கிறேன். ஒழுங்காகத்தான் உட்காருகிறது.