காதுக்குள்ள கேட்ட சத்தம்

எங்க ஊருல எல்லாமே தீபாவளிக்கு அப்புறந்தான். பொண்ணு பாக்குறது, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறது, சொத்தைப் பல்லைப் பிடுங்குறது எல்லாம். பட்டாசு சீசன்ல செத்துப்போனவுகளைக்கூட, "இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்"னு குறைப்பட்டுக்கிட்டேதான் தூக்கிட்டுப் போவாக. அதனால ஆடி மாசம் என் வலது காதுக்குள்ள சத்தம் கேக்க ஆரம்பிச்சப்போ எங்க வீட்டுக்காரர் என்ன சொல்லியிருப்பாகன்னு நான் தனியாச் சொல்ல வேண்டியதில்லை.

உஸ்ஸு உஸ்ஸுன்னு ஒரு சத்தம். மாடிப்படி ஏறினா வேகமாகும், உக்காந்தா நிதானமாகும். மணிக்கட்டைப் பிடிச்சுப் பாத்தேன். நாடி துடிக்கிற தாளத்துக்கே காதும் உஸ்ஸுங்குது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "என்னங்க, இங்கன காதை வச்சுக் கேளுங்க"ன்னேன். அவுகளும் என் காதோட காதை ஒட்டி, கண்ணை மூடிக் கேட்டுட்டு, "எனக்கு ஒன்னும் கேக்கலையே"ன்னாக.

அவுகளுக்கு எப்படிக் கேக்கும்? நாரணாபுரத்துல சின்னதா ஒரு பட்டாசு யூனிட் வச்சிருக்கோம். ஒவ்வொரு லோடு கிளம்புறதுக்கு முன்னாடியும் கம்பெனிக்குப் பின்னால பொட்டல்ல நின்னு சாம்பிள் வெடிச்சுப் பாக்குறது அவுக வேலை. சத்தத்தை வச்சே மருந்து கூடவா குறைவான்னு சொல்லிருவாகன்னு ஊருக்குள்ள பேரு. அந்தப் பேரை வாங்குறதுக்குள்ள காது பாதி போயிருச்சு. எங்க வீட்டுல டிவி போட்டா தெருவுக்கே செய்தி தெரியும். அப்பேர்ப்பட்ட மனுசன் கேக்கலையேன்னு தீர்ப்புச் சொன்னா அதுக்கு மேல அப்பீல் கிடையாது.

"சத்தம்னா நம்ம தொழிலும்மா, பழகிரும். தீபாவளி முடியட்டும், மதுரைக்குப் போய்க் காட்டுவோம்"னாக.

நான் விருதுநகர் மிளகாய் மண்டிக்காரர் மக. எனக்குக் கோபம் வந்தா இந்த வீட்டுல "மண்டி தொறந்தாச்சு"ன்னு சொல்லிட்டு ஆளாளுக்கு நகந்துருவாக. அன்னைக்கும் நகந்துட்டாக.

உள்ளூர்ல ஒரு காது டாக்டர்கிட்ட நானே போனேன். அவர் காதுல இருந்த அழுக்கையெல்லாம் எடுத்துட்டு, இப்ப எப்படி இருக்குன்னு கேட்டார். "இப்ப இன்னும் தெளிவாக் கேக்கு"ன்னேன். இந்த வயசுல பொம்பளைகளுக்கு இப்படித்தான் மனசு எதையாவது நினைக்கும்னு சொல்லி, தூங்குறதுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை போட்டா நான் தூங்குனேன், காது தூங்கலை.

மாமியார் பூண்டைத் தட்டி எண்ணெய் காய்ச்சி ஊத்திப் பாத்தாக. அதுக்கும் அடங்கலைன்னதும் இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டாக. கோயில் வாசல்ல கை, கால், கண்ணுன்னு வெள்ளித் தகட்டுல அச்சடிச்சு விப்பாக. எந்த உறுப்புல நோவோ அதை வாங்கி உண்டியல்ல போடணும். நான் ஒரு காது வாங்கிப் போட்டேன். பஸ்ஸுல திரும்பி வரும்போது அத்தைக்கு ஒரு சந்தேகம் வந்துருச்சு. "ஏம்மா, நாம போட்டது வலது காதுதானா?" விருதுநகர்க்காரி அவசரத்துல இடது காதைப் போட்டுட்டான்னு ஒரு வாரம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாக.

புரட்டாசி கடைசியில ஒரு நாள் காலையில தலை பிளந்துரும்போல வலி. வாந்தி வாந்தியா எடுத்தேன். வலது கண்ணு செவந்துபோச்சு. எனக்குப் பயம் வந்துருச்சு. "நீங்க வந்தாலும் சரி, வராட்டாலும் சரி, நான் மதுரைக்குக் கிளம்புறேன்"னு சொல்லிட்டேன். சீசன் உச்சத்துல இருக்கு, லாரி வாசல்ல நிக்கு. இருந்தாலும் பொண்டாட்டியைத் தனியா அனுப்புனா சொந்தக்காரங்க என்ன பேசுவாகன்னு அத்தை சொன்னதால வீட்டுக்காரரும் வந்தாக. வழி நெடுக போன்ல ஆர்டர் பேசிக்கிட்டே வந்தாக.

மதுரையில பாத்த டாக்டரம்மாவுக்கு என் மக வயசுதான் இருக்கும். நான் சொன்னதையெல்லாம் கேட்டுட்டு, ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சுல வைக்காம காதுக்குப் பின்னால இருக்கிற எலும்புல வச்சாக. கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "ஆமாம்மா, நல்லாவே கேக்குது"ன்னாக. எனக்குப் பொலபொலன்னு கண்ணீர் வந்துருச்சு. நோவு இருக்குன்னு சொன்னதுக்குச் சந்தோசப்பட்டு அழுதவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

ஸ்கேன் எடுத்தாக, தொடை வழியா மருந்து ஏத்தி ரத்தக்குழாயைப் படம் பிடிச்சாக. அப்புறம் ரெண்டு பேரையும் உக்கார வச்சுச் சொன்னாக. மூளையைச் சுத்தி ஒரு உறை இருக்கு. அதுல ரத்தம் கொண்டுபோற குழாயும், திருப்பிக் கொண்டுவர்ற குழாயும் நேரடியா ஒட்டிக்கிட்டு இருக்கு. நடுவுல நூல் நூலா இருக்கிற குழாய்கள் வழியா வேகம் குறைஞ்சு வரவேண்டிய ரத்தம் முழு வேகத்துல இந்தப் பக்கம் பாயுது. அதுதான் சத்தம். திரும்பி வர்ற இந்தக் குழாய் மெல்லிசு, அம்புட்டு வேகம் தாங்காது. ரத்தம் மூளைப் பக்கமும் எதுத்து ஏற ஆரம்பிச்சிருக்கு. "எப்ப வேணாலும் வெடிக்கலாம்"னாக.

எங்க வீட்டுல வெடிக்கும்ங்கிறது நல்ல வார்த்தை. வெடிக்கலைன்னாத்தான் வடநாட்டுலேருந்து போன் வரும், சண்டை வரும். அதனால டாக்டரம்மா சொன்னதும் எங்க வீட்டுக்காரர் முகம் ஒரு நிமிசம் தெளிஞ்சுபோச்சு. பழக்கதோசம். அப்புறந்தான் விசயம் உறைச்சுது. உறைச்ச பிறகும் வாய் பழகினதைத்தான் பேசுச்சு. "தீபாவளிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு டாக்டர். முடிச்சுட்டு வச்சுக்கலாமா?"

டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பைக் கழட்டி எங்க வீட்டுக்காரர் காதுல மாட்டிவிட்டு, மறுமுனையை என் காதுக்குப் பின்னால வச்சாக.

அவுக கேட்டாக. ரொம்ப நேரம் கேட்டாக. முகத்துல ரத்தமே இல்லை. கழட்டிட்டு, "திரி பத்துற சத்தம்"னாக.

கம்பெனிக்குப் புதுசா வர்ற ஆளுக்கு அவுக சொல்ற முதல் பாடமே, பத்துன திரிகிட்ட யோசிச்சுக்கிட்டு நிக்காதேலேங்கிறதுதான். அங்கனயே போனை எடுத்து, இந்த வாரம் லோடு வராதுன்னு வடநாட்டுப் பார்ட்டிக்குச் சொன்னாக. வீட்டம்மாவுக்குத் தலையில வைத்தியம்னாக. அந்தப் பார்ட்டி, தீபாவளிக்கு அப்புறம் பாத்துக்கக் கூடாதான்னு கேட்டிருக்கார். எங்க வீட்டுக்காரர் அவரை என்ன வஞ்சாகன்னு எழுதினா நல்லா இருக்காது. மண்டி எங்கப்பா வீட்டுல மட்டும் இல்லைன்னு அன்னைக்குத் தெரிஞ்சுகிட்டேன்.

வைத்தியம் என்னன்னா, தொடையில சின்னதா ஒரு துளை போட்டு, முடி மாதிரி ஒரு குழாயைத் தலை வரைக்கும் கொண்டுபோய், ஒட்டியிருக்கிற இடத்துல பசை மாதிரி ஒரு மருந்தை விட்டு அடைக்கிறது. பசைன்னதும் எங்க வீட்டுக்காரருக்குத் தொழில் ஞாபகம் வந்துருச்சு. "அது காயணுமே டாக்டர். மழை மேகமா வேற இருக்கு"ன்னாக. எங்க கம்பெனியில பசை காயாமத்தான் பாதி ஆர்டர் பிந்தும். உள்ளேயே உறைஞ்சிரும், வெயில் வேண்டாம்னு டாக்டரம்மா சிரிக்காமச் சொன்னாக.

அத்தைக்குப் போன்ல விசயத்தைச் சொன்னோம். "அதான் ஆத்தா கண் தொறக்கலை. நோவு தலையில, நாம போட்டது காது"ன்னாக. மறுநாள் நான் மயக்கத்துல கிடந்த நேரத்துல, அத்தை தனியா இருக்கன்குடிக்குப் பஸ் ஏறி ஒரு வெள்ளித் தலையை வாங்கிப் போட்டுட்டு வந்திருக்காக. அவுக கணக்குல என்னைப் பிழைக்க வச்சது அதுதான். நான் மறுத்துப் பேசுறதில்லை. முட்டி வலியோட அம்புட்டுத் தூரம் போன மனுசி அவுக.

முழிப்பு வந்தப்போ காலை மடக்காதீங்கன்னு நர்ஸம்மா சொன்னது கேட்டுச்சு. ஏசி ஓடுறது கேட்டுச்சு. வெளியில யாரோ வண்டி தள்ளிட்டுப் போறது கேட்டுச்சு. வேற ஒன்னும் கேக்கலை. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன், எங்க திரும்ப ஆரம்பிச்சிருமோன்னு.

டாக்டரம்மா வந்து ஸ்டெதஸ்கோப்பை வச்சுப் பாத்துட்டு, சரியாயிருச்சுன்னாக. எங்க வீட்டுக்காரர் நம்பலை. அடுத்தவன் சொன்னதை நம்பி லோடு அனுப்புற ஆளா அவுக? அதைக் குடுங்கன்னு வாங்கி மாட்டிக்கிட்டு, என் காதுக்குப் பின்னால வச்சுக் கண்ணை மூடினாக. இடம் மாத்தி மாத்தி வச்சாக. கண்ணுலேருந்து தண்ணி என் தலையணையில விழுந்துச்சு.

"எனக்கு ஒன்னும் கேக்கலையே"ன்னாக.

அந்த ஒரு சொல்லுக்காக ஆடி மாசத்துலேருந்து அவுகளை எம்புட்டு வஞ்சிருப்பேன். "இன்னொரு தடவை சொல்லுங்க"ன்னேன்.